கார் பார்க்கில் ஓடிய ஆறு

அந்த நாடகத்தில் நான் வருவது கடைசிக் காட்சியில் மட்டும்தான். அதுவரை மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், பட்டுச்சேலை கசங்காமல், வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பிறகு எழுந்து போய், ஹார்மோனியமும் மிருதங்கமும் நின்றுபோன அமைதியில், தனியாக ஒரே ஒரு பாட்டுப் பாடிவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் என் வேலை. இதற்காக ஒரு வருடம் நான் சோறு தண்ணீர் மறந்து திரிந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முழுக்க முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் இசை நாடகம் அது. வசனம் என்று ஒரு வரி கிடையாது. ஒருவன் இன்னொருவனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் தாளத்தில்தான் கேட்க வேண்டும். கதை சின்னது. ஓர் ஆறு, இரண்டு கரை, இரண்டு கரையிலும் அண்ணன் தம்பியான இரண்டு அரசர்கள். ஆறு யாருக்குச் சொந்தம் என்று நாடகம் முழுவதும் பிடுங்குப்படுகிறார்கள். அணை கட்டுகிறார்கள், உடைக்கிறார்கள், படை திரட்டுகிறார்கள். கடைசியில் இருவரையும் பெற்ற தாய் ஆற்றங்கரைக்கு வருகிறாள். மகன்மாரை அவள் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆற்றோடுதான் பேசுகிறாள். இவர்கள் இரண்டு பேருக்குமே நீ வேண்டாம், வேறு வழியால் போ என்கிறாள். ஆறு திரும்புகிறது. நாடகம் முடிகிறது.

இதை யாரும் மேடையேற்றுவதில்லை. நன்றாகப் பாடக்கூடிய ஏழெட்டுப் பேர் வேண்டும். வசனமென்றால் மறந்தால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம், பாட்டில் அது நடக்காது. எங்கள் நெறியாளரே அதைத் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அவரை எல்லோரும் அண்ணை என்போம். வாரநாட்களில் சிட்னியின் டூங்கபியில் வருமான வரிக் கணக்குப் பார்க்கிறவர். சனிக்கிழமைகளில் காரை வெளியே நிறுத்திவிட்டு, கராஜுக்குள் நாடகம் பழக்குகிறவர். எதையும் சத்தம் போட்டுத்தான் சொல்வார். சத்தம் போட்ட அடுத்த நிமிடம் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்.

என் கதையைச் சொல்ல 2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்குப் போக வேண்டும். அப்போது எனக்குக் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. தைராய்டில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆனால் அது இருந்த இடம் கெட்டது. குரலுக்குப் போகிற நரம்பு அதை உரசிக்கொண்டு போகிறதாம். வைத்தியர் ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். நான் விளங்கியதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் கணவர் திடீரென்று, "டொக்டர், மை வைஃப் சிங்ஸ்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கலியாணம் முடித்த நாளிலிருந்து என் பாட்டைப் பற்றி இந்த மனுசன் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நவராத்திரிக்கு யாராவது வீட்டில் நான் பாடினால், அவர் செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசலில் நின்று வீட்டு விலை கதைத்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் கமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பார். நகரசபையின் வீதி திருத்தும் பிரிவில் அவருக்கு வேலை. ஆனால் மூச்சு எல்லாம் அந்தக் கமராவில்தான். சிட்னியில் நடக்கும் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, அரங்கேற்றம் எதையும் விடமாட்டார். காசு வாங்காமல் எடுத்துக் கொடுப்பார். என்னை நேரே பார்த்ததைவிடக் கமராவுக்குள்ளால் பார்த்ததுதான் அதிகம் என்று நான் அவரைச் சீண்டுவதுண்டு. அந்த மனுசன்தான் வைத்தியரிடம் அப்படிச் சொன்னார்.

கதைப்பதற்குக் குறை வராது, பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. முதல் சில மாதங்கள் வெறும் காற்றுத்தான் வந்தது. தொலைபேசி எடுத்தவர்கள், யாரோ சின்னப்பிள்ளை என்று நினைத்து, "அம்மா நிக்கிறாவோ?" என்று என்னிடமே கேட்டார்கள். பிறகு மெல்ல மெல்லக் குரல் வந்தது. கீழே நன்றாக இருந்தது. மேலே ஏறும்போது ஓரிடத்தில் மட்டும், இருட்டில் இல்லாத படியில் காலை வைத்ததுபோலக் குரல் பொத்தென்று விழும். இரண்டு தடவை விழுந்த பிறகு நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். குளியலறையில்கூடப் பாடவில்லை. பயமாக இருந்தது. சில நாட்களில் அழுகையாகவும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அண்ணை தொலைபேசி எடுத்தார். தாய் பாத்திரத்துக்கு நான்தான் சரியென்றார்.

"அண்ணை, எனக்கு இப்ப குரல் இல்லை. உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரிஞ்சுதான் கேக்கிறன் தங்கச்சி. இனிமையான குரல் எனக்கு வேண்டாம். அந்தத் தாய் மூண்டு நாள் அழுதுபோட்டு வாறவள். உம்மட குரல்தான் அவளின்ர குரல்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உடைந்த குரலென்று முகத்துக்கு நேரே சொல்கிறாரே! தொலைபேசியைப் பட்டென்று வைத்தேன். குசினிக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு கிலோ வெங்காயம் வெட்டினேன். மாலை ஆனதும் நானே அவருக்கு எடுத்து, எத்தனை மணிக்கு நாடகப் பழக்கம் என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை இப்போது நினைத்தால் எல்லாமே ஒரு மெல்லிய பனிப்புகாருக்குள் நடந்தவைபோல இருக்கின்றன. சனிக்கிழமைகளில் கராஜின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிடுவார்கள். அதன் கீழால் வெயில் ஒரு பாய்போல உள்ளே விழுந்து கிடக்கும். அந்தப் பாயைத்தான் ஆறு என்று அண்ணை வைத்துக்கொண்டார். அண்ணன் அரசர் அந்தப் பக்கம் புல் வெட்டும் இயந்திரத்தோடு; தம்பி அரசர் இந்தப் பக்கம் பழைய குளிர்சாதனப் பெட்டியோடு. பின்னேரம் சாயச் சாய ஆறு நகர்ந்து நகர்ந்து சுவர்மேல் ஏறும். மிருதங்கம் வாசித்தது சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு கணினிக்காரத் தம்பி. எங்கள் தமிழைக் கேட்டுக் கேட்டு அவனும் சில நாட்களில் "ஓம் அக்கா" என்று சொல்லிவிட்டு, "ஐயோ, ஆமா அக்கா" என்று திருத்திக்கொள்வான்.

என் பாட்டில் எல்லாம் வந்தது, கடைசி வரியைத் தவிர. "யாருக்கும் நீ வேண்டாம், ஆறே, திரும்பிப் போ." இதில் 'திரும்பி' என்ற சொல் கீழிருந்து மேலே சுழன்று சுழன்று ஏற வேண்டும். நடுவில் மூச்சு எடுக்கக் கூடாது.

"ஆறு திரும்பேக்க நடுவில நிண்டு இளைப்பாறுமோ?" என்று அண்ணை கத்துவார். "ஒரே மூச்சு, தங்கச்சி. ஒரே மூச்சு!"

அந்த இல்லாத படி சரியாக அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது. சில நாட்கள் தாண்டிவிடுவேன். சில நாட்கள் விழுவேன். எப்போது விழுவேன் என்று எனக்கே தெரியாது.

செவன் ஹில்ஸில் மருந்துப் பெட்டிகள் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் போய் ஏறி, கண்ணாடிகளை முழுக்க உயர்த்திவிட்டு அந்த வரியைப் பாடுவேன். மூடிய காருக்குள் குரல் என் காதுக்குள்ளேயே திரும்பி வரும். என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோப் பெண் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரிதானே, கணவரோடு ஏதும் பிரச்சினையா என்று கவலையோடு கேட்டாள். தினமும் காருக்குள் இருந்து தொலைபேசியில் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். இல்லையம்மா, ஓர் ஆற்றைத் திட்டுகிறேன் என்றேன்.

எனக்கு ஓர் ஆறும் தேவைப்பட்டது. டூங்கபியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இருக்கிறது. யாரோ கடையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த சாமான் தள்ளுவண்டி ஒன்று அதற்குள் கவிழ்ந்து கிடக்கும். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர், பெய்யாவிட்டால் வாத்துகள் நடந்து போகும். வேலை முடிந்து வரும்போது அதன் சிறு பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்ப்பேன். யூக்கலிப்டஸ் பட்டைகள் சுருள் சுருளாக மிதந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் நிற்கிறது, பாலம்தான் மெல்ல நகர்கிறது என்று தோன்றும். இரவில் கனவிலும் அந்த ஓடை வரும். கனவில் நான் வாயைத் திறப்பேன், ஓடை நின்று திரும்பி என்னைப் பார்க்கும். பாடமாட்டேன். விழித்துக்கொள்வேன். பக்கத்தில் அவர் நித்திரை. நான் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

2011 தொடக்கத்தில் விளம்பரம் வெளிவந்தது. வானொலியில் தினமும் சொன்னார்கள். மசாலாக் கடைக் கண்ணாடியில் அரிசி மலிவு விற்பனைக்கும் கணித வகுப்புக்கும் நடுவில் எங்கள் பிரசுரம் தொங்கியது. 'சிட்னியில் முதன்முறையாக ஒரு தமிழ் ஒபரா' என்று அண்ணை கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். இசை நாடகத்துக்கு வெள்ளைக்காரர் சொல்லும் பெயர் அது; இளம் பிள்ளைகளை இழுப்பதற்காம். பிள்ளைகள் வந்தார்களோ இல்லையோ, பெரியவர்கள் குழம்பிப்போனார்கள். ஓர் அன்ரி கடையில் என்னைப் பிடித்து, "ஒபரா ஹவுஸில பார்க்கிங் சரியான விலையாமே, நாங்கள் ரெயினில வாறம்" என்றா. அந்தப் பேர்போன ஒபரா ஹவுஸ் அரங்கம் இல்லை அன்ரி, செவன் ஹில்ஸ் பக்கத்துச் சமூக மண்டபம் என்றேன். அவவின் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் டிக்கெட் வாங்கினா.

எங்கு போனாலும் அதே கதை. யாருமே போடாத நாடகமாம், ஒரு வார்த்தை வசனம் இல்லையாம், கடைசிப் பாட்டை இந்த அக்காதான் பாடப்போகிறாவாம். சத்திரசிகிச்சை செய்த கழுத்தாம். கோயிலில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவர்கள் என் கழுத்தை எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். 

நாடகம் ஏப்ரல் மாதத்து முதலாவது ஞாயிற்றுக்கிழமை. கோடைகால நேரம் முடிந்து எல்லோரும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய நாள். அன்று அரசாங்கமே எங்களுக்கு ஒரு மணித்தியாலம் இனாமாகக் கொடுத்திருந்தது. எங்களுக்கு அதுவும் போதவில்லை.

ஏன் போதவில்லை என்று சொல்கிறேன். டிக்கெட் விற்க அண்ணை எல்லாச் சங்கங்களின் உதவியையும் கேட்டிருந்தார். ஊர்ச் சங்கம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், முதியோர் சங்கம், இன்னும் இருந்தன. உதவி செய்த தலைவர்களை மேடையில் ஏற்றாமல் விடமுடியுமா? ஒருவரை ஏற்றி மற்றவரை விட்டால் அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட்டும் நகராது. ஆகவே விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, ஆளுக்கு 'இரண்டே இரண்டு நிமிடம்' வாழ்த்துரை, ஆளுக்கு ஒரு பொன்னாடை. பிரதம விருந்தினர் வந்து சேரும்வரை விளக்கும் ஏற்ற முடியாது. அவர் வழமைபோல் பிந்தி வந்தார். வந்ததும் தான் பிந்தியதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்.

இதெல்லாம் எல்லா விழாவிலும் நடப்பதுதான். எங்கள் ஆட்கள் செய்த புதுப் புத்திசாலித்தனம் வேறு. நன்றியுரையை முடிவில் வைத்தால் சனம் கதிரையை விட்டு எழும்பிப் போய்விடும். அதனால் கடைசிக் காட்சிக்கு முன்னால், எல்லோரும் கட்டாயம் இருக்கும் இடமாகப் பார்த்து அதை வைத்தார்கள். சமோசா செய்தவர்களிலிருந்து ஒலிவாங்கி தந்தவர்வரை ஒவ்வொருவராக நன்றி சொல்லத் தொடங்கினார் செயலாளர். நான் திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கழுத்தில் தழும்பை மறைக்கும் முத்துமாலை. கையில் வெந்நீர்ப் போத்தல். அதுவரை நாடகம் நன்றாகப் போயிருந்தது. அரசர்கள் இருவரும் அப்படிப் பாடினார்கள். சனம் மூச்சுவிடாமல் கேட்டது எனக்கு உள்ளே தெரிந்தது. இப்போது என் முறை. நன்றியுரை முடிந்தால் நான்.

நன்றியுரை முடியவில்லை. மண்டபத்தின் பின்கதவால் சாவிக்கொத்தோடு பொறுப்பாளர் அம்மா வந்தா. ஆறு மணிக்கு அடுத்த ஆட்களுக்கு மண்டபம் கொடுத்தாயிற்று. முன் வாசலில் அவர்கள் வந்து நிற்கிறார்கள் என்றா. எட்டிப் பார்த்தேன். மாட்டுக்காரத் தொப்பியும் தோல் சப்பாத்தும் போட்ட இருபது வெள்ளைக்காரர்கள், வரிசையாக ஆடும் நடனம் பழக வந்தவர்கள், பொறுமையாக நின்றார்கள். அந்த அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. எங்களுக்கு முதலே எழுதித் தந்திருந்த நேரம்தான்.

அண்ணை கெஞ்சத் தொடங்கினார். பத்து நிமிடம், பிளீஸ், ஒரே ஒரு பாட்டு. கைகூப்பிக்கூட நின்றார். அந்த அம்மா உண்மையாகவே வருந்தினா. ஆனால் முடியாது என்றா. மண்டபத்துக்குள் விளக்குகள் எரிந்தன. சனம் எழும்பத் தொடங்கியது. யாரோ, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார்கள். "ஓம் போல, வாங்கோ" என்று யாரோ சொன்னார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம்.

எனக்குள் என்ன நடந்ததென்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்கம், அப்பாடா, தப்பித்தேன் என்று இருந்தது. இனி விழத் தேவையில்லை. அந்த நிம்மதியைக் கண்டதும்தான் எனக்கு என்மேலேயே கடுங்கோபம் வந்தது.

"கெஞ்சாதேங்கோ அண்ணை," என்றேன். "நான் இண்டைக்குப் பாடாமல் வீட்டை போகமாட்டன். வெளியில பாடுறன்."

"வெளியிலயோ? எங்க?"

"கார் பார்க்கில."

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கக் கதவால் இறங்கி நடந்தேன். வெளியே சூரியன் மறைந்து வானம் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. தார்த்தரையில் இன்னும் பகல் சூடு. சனம் கையில் சாப்பிட வாங்கிய றோல்ஸ் பெட்டிகளோடு கார்களைத் தேடிக்கொண்டிருந்தது. காகிதக் கிரீடத்தோடு இரண்டு அரசர்களும் என் பின்னால் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. பிறகு ஊனமுற்றோர் வண்டி நிறுத்தும் இடத்து நீலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாகத் தாங்களே போய் நின்றுகொண்டார்கள். மிருதங்கத் தம்பி மிருதங்கத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"அக்கா, இருட்டிடுச்சு. இருங்க, லைட் போடறேன்," என்று சொல்லி ஓடிப்போய்த் தன் காரின் முன்விளக்கைப் போட்டான். அதைப் பார்த்துப் பக்கத்துக் காரிலும் போட்டார்கள். பிறகு அதற்கடுத்த காரில். புறப்படப் போன கார்கள் நின்றன. ஒபரா ஹவுஸுக்கு ரெயினில் வரவிருந்த அன்ரி ஒரு காருக்குள் முன்னிருக்கையில் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தா. தொப்பிக்காரர்களும் என்ன நடக்கிறதென்று பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

என் கணவரைத் தேடினேன். கூட்டத்தின் முன்னால் நின்றார். கையில் கமரா இல்லை. எனக்கு நம்ப முடியவில்லை.

"பற்றரி முடிஞ்சுது," என்றார்.  "பேச்சுகள் ஒண்டும் விடாமல் எடுக்கச் சொன்னவங்கள். எடுத்தனான். முடிஞ்சுது."

அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காற்சட்டைப் பையில் விட்டார், எடுத்தார், கட்டிக்கொண்டார். பிறகு தொங்கவிட்டார்.

பாடத் தொடங்கினேன். அதே நேரம் பக்கத்து மரங்களுக்கு அடையவந்த கிளிகளும் தொடங்கின. பச்சையும் நீலமும் சிவப்புமான அந்த லோரிகீட் கிளிகள் அந்தியானால் நூற்றுக்கணக்கில் வந்து மரமே அதிரக் கத்தும். ஒலிவாங்கி இல்லை. என் பாட்டு எனக்கே அரைவாசிதான் கேட்டது. எதிரே விளக்குகளின் வெள்ளை. அதற்குப் பின்னால் முகங்கள் இல்லை, நிழல்கள்தான். விளக்கு வெளிச்சத்தில் பூச்சிகள் பறந்தன. தார்த்தரையில் வெளிச்சம் ஈரம்போலப் பரவிக் கிடந்தது. கராஜ் கதவின் கீழால் விழுந்த அந்த வெயில் பாய் இங்கே வந்துவிட்டதென்று நினைத்தேன். ஓடையும் வந்துவிட்டது. அந்தக் கனவில் போலவே ஆறு நின்று என்னைப் பார்த்தது. இந்தத் தடவை நான் பாடிக்கொண்டிருந்தேன்.

"யாருக்கும் நீ வேண்டாம், ஆறே..." 'திரும்பி' வந்தது. ஏறினேன். முதல் சுழி, இரண்டாவது சுழி. படி இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லை. குரல் விழவில்லை, நின்றுவிட்டது. சொல்லின் நடுவில், எல்லோருக்கும் தெரியக்கூடியதாக, நான் ஒரு மூச்சு எடுத்தேன். பெரிய மூச்சு, விக்கல்போலச் சத்தம் கேட்ட மூச்சு. பிறகு மிச்சச் சொல்லைப் பிடித்து ஏறி முடித்தேன். "...போ."

கிளிகள் மட்டும் கத்தின. யாரும் கைதட்டவில்லை. பிறகு அந்த அன்ரியின் காரிலிருந்து யாரோ ஹோர்னை அடித்தார்கள். உடனே இன்னொரு கார். பிறகு எல்லாக் கார்களும். கார் பார்க் முழுக்க ஒரே ஹோர்ன் சத்தம். கிளிகள் பயந்து கூட்டமாக எழும்பின. தொப்பிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அண்ணை நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

காரில் வீட்டுக்கு வரும்போது நான் அழுதேன். ஒரே மூச்சில் பாடவில்லை, அண்ணை ஒரு வருடமாகக் கத்தியது அதற்குத்தான். என் கணவர் சிவப்பு விளக்கில் நின்றபோது, "பசிக்குதோ?" என்று மட்டும் கேட்டார். கல்லிலிருந்து தண்ணீர் எடுக்கலாம், இந்த மனுசனிடமிருந்து ஒரு பாராட்டு எடுக்க முடியாது என்று நினைத்தேன்.

பிறகு வந்த வரவேற்பைக் கேட்காதீர்கள். வானொலியில் நேயர்கள் ஒரு வாரம் கூப்பிட்டார்கள். நாடகம் அருமை, றோல்ஸ் அதைவிட அருமை, மண்டப வாசலில் நெரிசல் என்றார்கள். சமூகப் பத்திரிகையில் முழுப்பக்கம் வந்தது. பிரதம விருந்தினர் விளக்கேற்றும் பெரிய படமும், தலைவர்கள் பொன்னாடையோடு நிற்கும் படங்களும் இருந்தன. கடைசிப் பந்தியில், 'இறுதிக் காட்சி திறந்த வெளியில் புதுமையான உத்தியுடன் அரங்கேறியது' என்று எழுதியிருந்தார்கள். அண்ணை அதை வாசித்து ஒரு கிழமை சிரித்தார். டிவிடி வெளியானது. அதில் எல்லா உரைகளும் ஒரு சொல் விடாமல் இருக்கின்றன. நன்றியுரை ஒலிவாங்கி தந்தவரோடு அறுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு வெறும் நீலத்திரை. என் பாட்டு உலகத்தில் எங்கும் இல்லை.

அடுத்த வருடம் மெல்பேர்ண்காரர் கூப்பிட்டார்கள். நோபல் பார்க் பக்கம் ஒரு மண்டபம். அண்ணை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: நாடகம் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, பாடுகிறவர்களைத் தவிர. அங்கே ஒலிவாங்கி இருந்தது, அமைதி இருந்தது, என் தொண்டையும் இன்னும் கொஞ்சம் ஆறியிருந்தது. ஒரே மூச்சில் பாடினேன். படி இருந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. என் கணவர் இரண்டு மேலதிகப் பற்றரிகளோடு போய் முழுக்க எடுத்தார். அந்த டிவிடியை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே போட்டுக் காட்டுவார். எனக்கும் அது சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

2013இல் ஒரு சனிக்கிழமைக் காலை. இப்போது சனிக்கிழமைகளில் நாடகப் பழக்கம் இல்லை. நான் குசினியில் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். பின்வளவில் அவர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். யன்னல் திறந்திருந்தது. ஏதோ முனகல் கேட்டது. பக்கத்து வீட்டு வானொலி என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர்தான். வாயில் உடுப்புக் கவ்வியை வைத்துக்கொண்டு என் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். சுருதி என்றால் என்னவென்றே தெரியாத குரல். ஆனால் ஒரு சொல்லும் தப்பவில்லை. "யாருக்கும் நீ வேண்டாம்" என்று வந்து, 'திரும்பி'யில் ஏறி, நடுவில் நின்றார். சத்தமாக ஒரு மூச்சு எடுத்தார். பிறகு மிச்சத்தைப் பாடினார்.

"இஞ்சருங்கோ," என்று யன்னலால் கூப்பிட்டேன். "அதில நிண்டு மூச்சு எடுக்கக் கூடாது. அந்த இடம் பிழை."

அவர் பிடிபட்டவர்போலத் திரும்பிப் பார்த்தார். கவ்வியை வாயிலிருந்து எடுத்தார்.

"எனக்கு வேற மாதிரித் தெரியாது. நீர் அண்டைக்கு அப்பிடித்தானே பாடினனீர்."

"அது கார் பார்க்கில. மெல்பேர்ணில சரியாப் பாடினனான்தானே? நீங்கள்தானே நிண்டு வீடியோ எடுத்தனீங்கள்?"

"ஓம், அங்க நான் வீடியோ எல்லோ எடுத்துக்கொண்டு நிண்டனான்," என்றார். "எங்க கேட்டனான்?"

ஈரச் சட்டை ஒன்றை உதறிக் கொடியில் போட்டார். அடுத்த சட்டையையும் உதறிப் போட்டார். நான் போய்விட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். நான் மாவுக் கையோடு அசையாமல் நின்றேன். அந்த இடம் வந்தது. அவர் நின்றார். குசினிக்குள் நானும் மூச்சை எடுத்தேன்.